குருத்து ஞாயிறுக்கு முன்பே பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள்

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் போனால் வரிசை முதுகுக்குப் பின்னால் நெருக்கும்; பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து வருவோம். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு முந்தின வெள்ளி நல்ல நாள். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிய 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' என்ற ஜெப, பாவசங்கீர்த்தன முயற்சி அன்றுதான் தொடங்கும்.

செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனையை ஆலய வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று இரவு, பத்துப் பத்து நிமிடம், பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்துத் துண்டுத்தாளில் குறிப்பது போதும். "கோபப்பட்டேன் சாமி" என்பது வெறும் தலைப்பு. "அண்ணனோடு மூன்று மாதமாகப் பேசவில்லை, அவர் வந்தால் எழுந்து போய்விடுகிறேன்" என்பதுதான் பாவம். சாவான பாவத்துக்கு, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவத்துக்கு, வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 988. எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் "ஒரு வருஷமாக, மாதம் இரண்டு மூன்று தடவை" என்றால் போதும். கதை வேண்டாம். "அவர் குடித்துவிட்டு வந்ததால்தான் நான்..." என்று ஆரம்பித்தால் வீட்டுக்காரருடைய பாவசங்கீர்த்தனத்தையும் நாமே செய்து முடித்துவிடுவோம்.

பெரும்பாலும் சிக்குவது வெட்கத்தில்தான். மறந்துபோன பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது. கனமானதென்றால் அடுத்த தடவை சொன்னால் சரி. தெரிந்தே சாவான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் நாக்கு எழாததை முதலில் சொல்லிவிடுங்கள். அதுவும் வரவில்லையா? "சாமி, ஒன்றைச் சொல்ல முடியவில்லை, நீங்களே கேளுங்கள்" என்றால் அவர் கேட்டுக்கேட்டு எடுத்துவிடுவார். பங்குச்சாமிக்கு, அதாவது நம் ஆலயக் குருவுக்கு, குரல் தெரியுமே என்றால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், தவறே இல்லை. எந்தக் குருவானாலும் கேட்டதை வெளியே சொல்ல முடியாது.

பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் பாதியில் நின்றால் பதற வேண்டாம். லூக்கா 18இல் வரிதண்டுபவர் சொன்ன "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்ற ஒரு வரியே போதும்.

பணம் சம்பந்தப்பட்டதென்றால் பாவம் தீரும், கடன் தீராது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் இறந்திருந்தால் வாரிசுக்கு. பெயர் சொல்லாமலும் சேர்க்கலாம்.

பாவப் பரிகாரமாகக் குரு செய்யச் சொல்லும் அபராதத்தை ஆலயத்தைவிட்டு இறங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் 'செய்தேனா இல்லையா' என்ற நச்சரிப்பு மிஞ்சும்.

மன்னிப்பு கிடைத்தும் மனம் லேசாகவில்லையே என்று அதே பழைய பாவத்தை மூன்றாம் தடவை, நான்காம் தடவை சொல்பவர்கள் உண்டு. மன்னிப்பு உணர்ச்சியைப் பொறுத்ததல்ல. இவர்கள் ஒரே குருவிடம் போய், 'இதை இனிச் சொல்லாதே' என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் மருந்து. புதிதாக விழுந்தது வேறு விஷயம், அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பாவத்தை விடுவதாக எடுக்கும் பிரதிக்கினை என்பது இனி விழவே மாட்டேன் என்ற உத்தரவாதம் அல்ல, விழக் கூடாது என்ற இன்றைய மனது. அந்த மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள்: இரவில் விழவைப்பது போன் என்றால், இன்றிலிருந்து சார்ஜர் படுக்கையறையில் வேண்டாம், ஹாலில் இருக்கட்டும்.