தாண்டிக்குடியிலிருந்து ஒரு காபிப் போட்டிக்கு

நடுவர்கள் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடுகிற காபிப் போட்டிக்கு நம்மைப் போன்ற சிறு விவசாயிகள் காபியை அனுப்பிப் பிரயோஜனம் உண்டா என்று எங்கள் பக்கம் பலர் கேட்கிறார்கள். உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் பதக்கத்தை நினைத்து அனுப்ப வேண்டாம். ஏன் என்று புரிய, நான் அனுப்பிய விதத்தை முழுதாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், 4,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. சில்வர் ஓக்கும் பலாவும் நிழலுக்கு, மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் மலைவாழை. காபியில் பெரும்பகுதி அப்பா வைத்த எஸ்.795 என்ற அரபிக்கா ரகம். இடையிடையே காவேரி ரகம். பழம் பறித்து, பல்பர் மிஷினில் தோல் உரித்து, காயவைத்து, ஓடு நீக்காத பார்ச்மென்ட்டாக வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். அவரிடம் போனதும் பத்து ஊர்க் காபியோடு அது கலந்துவிடும். எங்கள் காபியின் ருசி என்ன என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் குடிப்பது சிக்கரி கலந்த கடைத் தூள்தான்.

போட்டிக்கான படிவம் ஒரே பக்கம். ரகம், உயரம், பதப்படுத்திய முறை, கையிருப்பு. பார்த்தால் சின்ன விஷயம் போலத் தெரியும். கையிருப்பு என்ற இடத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. அனுப்புகிற சாம்பிள் எந்தக் காபியோ, அதே காபி இவ்வளவு கிலோவாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று விதி. பிறகு வாங்க வருபவருக்கு அதையே கொடுக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் பறிப்பு நாளிலிருந்தே அந்த மூட்டை தனியாக இருந்தாக வேண்டும். ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்.795 மட்டும் நிற்கிற மேல்பாத்தியை இதற்கென்று ஒதுக்கினோம்.

பறிப்பில்தான் முதல் சிக்கல். எங்கள் பக்கம் பழம் பறிப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. முழுக்கச் சிவந்த பழத்தை மட்டும் பறித்தால் கூடை நிறையாது, கூலியும் குறையும். "தம்பி, செங்காயையும் சேத்துப் பறிச்சாத்தான எங்களுக்குக் கட்டும்?" என்று வயதான அக்கா ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. மேல்பாத்திக்கு மட்டும் நாள் கூலி என்று பேசி முடித்தோம். அதன் பிறகு அந்த அக்காவே மற்றவர்கள் கூடையில் காய் கிடந்தால் எடுத்துப் போட்டார்.

பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை எல்லாம் நீக்கினோம். அன்று சாயங்காலமே பல்பர். உரித்ததைத் தொட்டியில் ஊறப்போட்டால் மேலே இருக்கிற வழுவழுப்பு கரைய வேண்டும். மார்கழிக் குளிரில் இதற்கு ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் ஆகிவிடும். கடிகாரத்தை நம்ப முடியாது. ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்காமல் நறநறவென்று கூழாங்கல் மாதிரி உரசினால் கழுவலாம்.

அப்புறம் காயவைப்பது. குடகிலும் சிக்மகளூரிலும் அரபிக்கா பறிக்கிற காலம் பெரும்பாலும் மழையில்லாத காலமாக அமைந்துவிடுகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழையும் பறிப்பும் ஒன்றாக வருகின்றன. களத்தில் போட்டால் நனையும், மூடினால் புழுங்கும். வலை கட்டிய மேசையில் மெல்லிசாகப் பரப்பி, மேகம் கூடினால் தார்ப்பாய் போட்டு, விலகினால் எடுத்து, நாள் முழுவதும் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இதற்கென்றே வேண்டும். ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மீட்டரை இரவல் வாங்கி அளந்துவிடுவது நல்லது.

ஓடு நீக்குவதற்கு அலைந்ததை மறக்க முடியாது. ஒரு கியூரிங் ஆலையில் கேட்டேன். இவ்வளவு குறைவாக மிஷின் ஓடாது, மற்றதோடு சேர்த்து ஓட்டித் தருகிறோம் என்றார்கள். சேர்த்துவிட்டால் இத்தனை நாள் தனியாக வைத்ததற்கு அர்த்தமே இல்லை. கடைசியில் சிறிய மிஷின் வைத்திருந்த ஒருவர் ஓட்டிக் கொடுத்தார். சிறு விவசாயிகள் போட்டிப் பக்கம் வராததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்கு ஒரு சின்ன மிஷின் இருந்தால் போதும், பாதித் தடை விலகிவிடும்.

பிறகு வீட்டுத் திண்ணையில் சொளகு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் (எஸ்.சி.ஏ.) அமைப்பின் அப்போதைய அளவுகோலில், 350 கிராம் பச்சைக் கொட்டையில் முழுக் கறுப்பு, முழுப் புளிப்புக் கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைசல், பூச்சி துளைத்தது போன்ற சின்னக் குறைகளும், பல கொட்டை சேர்ந்தால்தான் ஒரு குறை என்ற கணக்கில், ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அம்மாவும் அத்தையும் ஒவ்வொரு கொட்டையாகப் பார்த்தார்கள்.

நடுவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்பதை ஒரு பயிற்சியில் நேரில் பார்த்தேன். விவசாயிகள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி. 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம் கழித்து, மேலே திரண்டு நிற்கும் தூளைக் கரண்டியால் உடைத்து, குனிந்து மணம் பார்க்கிறார்கள். ஆறும்போது கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுகிறார்கள். ஒரே காபிக்கு ஐந்து கிண்ணம். ஏன் ஐந்து என்று கேட்டேன். ஒரே ஒரு கெட்ட கொட்டை ஒரு கிண்ணத்தை மட்டும் கெடுக்கும். ஒரு கிண்ணம் வைத்தால் அது தப்பிவிடலாம், ஐந்து வைத்தால் மாட்டிக்கொள்ளும் என்று விளக்கினார்கள். ஒரு கிண்ணம் வேறுபட்டால் அந்தக் கிண்ணத்துக்கான இரண்டு மதிப்பெண் போய்விடும். சுத்தமில்லை என்றால் இன்னொரு இரண்டு. நூற்றுக்கு 80 வந்தால்தான் 'ஸ்பெஷாலிட்டி' என்று பெயர். அந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கிற காபிக்கு ஒரு கொட்டையே எமன்.

முடிவு வந்தது. எங்களுக்குப் பரிசு இல்லை. 81-க்குக் கொஞ்சம் மேலே. மதிப்பெண்ணோடு நடுவர்களின் தாள்களும் வந்தன. மசாலா மணம், ஆரஞ்சுத் தோல் போன்ற புளிப்பு, நல்ல கனம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே, ஐந்தில் ஒரு கிண்ணத்தில் புளித்த வாடை என்றும் இருந்தது. தனித்தனியாகக் குடித்த நடுவர்களில் இரண்டு பேர் இதையே குறித்திருந்தார்கள். மழை விடாமல் பெய்து தார்ப்பாய் எடுக்க முடியாத நாட்களின் காபி அந்த லாட்டில், அதாவது தனியாக வைத்த அந்த மூட்டையில், கொஞ்சம் இருந்தது. அதன் சுவடு கிண்ணத்தில் அப்படியே தெரிந்திருக்கிறது. எங்கள் காபியைப் பற்றி எழுத்தில் ஒருவர் எங்களுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சித்தி மகன் பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயும் போட்டி இனி தேவையா என்ற இதே பேச்சு ஓடுகிறதாம். அமெரிக்காவில் 1982-ல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் போன்ற இடங்களில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இலக்கணத்துக்குள் நிற்காத பீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் மேலே வராது. ஆனால் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான போட்டிகளில் 50 மதிப்பெண் தாள் ஒன்று உண்டு. ருசிக்கு 20, மணத்துக்கு 12, பார்வைக்கு 3, மீதி மற்றவற்றுக்கு என்று பிரித்து, நடுவர் கைப்பட எழுதித் தருவாராம். "அந்தத் தாளுக்காகத்தாண்ணே அனுப்புறாங்க" என்றான். என் மனதில் இருந்ததை அவன் சொல்லிவிட்டான்.

தாள் தராத போட்டிக்கும் அனுப்பிப் பார்த்தேன். பணம் கட்டிய பிறகு வந்தது பங்கேற்புச் சான்றிதழ் மட்டும். மதிப்பெண் கேட்டேன், பதில் இல்லை. ஸ்டிக்கர் வேண்டுமானால் தனிக் கட்டணம் என்றார்கள். அந்த மாதிரிப் போட்டி நமக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, விலை? உள்ளூர் வியாபாரிக்குப் பரிசைப் பற்றி அக்கறை இல்லை. அரபிக்கா விலை நியூயார்க் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. 2025 பிப்ரவரியில் அங்கே ஒரு பவுண்டு நான்கு டாலரைத் தாண்டியபோது, செங்காயும் பழமும் கலந்த மூட்டைக்கும் ஆள் வந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் எதற்கு இந்தப் பாடு என்று மாமா கேட்டார். விலை இறங்குகிற வருடத்துக்காக என்றேன். அப்போது பெயர் தெரியாத மூட்டையைத்தான் முதலில் தள்ளுவார்கள்.

பனாமாவில் 2004-ல் நடந்ததை அவருக்குச் சொன்னேன். எஸ்மரால்டா என்ற தோட்டம் கெய்ஷா ரகக் காபியைப் போட்டிக்கு அனுப்பி முதலிடம் பெற்றது. சந்தை விலை பவுண்டுக்கு ஒரு டாலர்கூட இல்லாத காலத்தில் அது 21 டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செடிகள் அங்கே ஏற்கெனவே நின்றவைதான். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தனித்தனியாகக் குடித்துப் பார்த்தபோதுதான் அதன் ருசி வெளியே வந்தது. பிரிக்காமல் விட்டிருந்தால் போட்டி நடந்தும் பயனில்லை.

நடுவர் முறையிலும் குறை உண்டு. 2004-லிருந்து இருந்த எஸ்.சி.ஏ. மதிப்பெண் தாளில், காபி எப்படி இருக்கிறது என்பதும் நடுவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதும் ஒரே மதிப்பெண்ணில் கலந்திருந்தன. 2023-ல் அவர்கள் கொண்டுவந்த புதிய முறையில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். விவசாயிக்கு இது நல்லது. பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் நான் எதைத் திருத்துவது?

எங்களுக்கு வந்த தாளின் படத்தை, காபி வறுத்து விற்கிற ஒரு மதுரை ரோஸ்டருக்கு அனுப்பினேன். புளித்த வாடை என்ற வரியையும் மறைக்கவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு, மழை நாள் காபியை ஒதுக்கிக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். கொடுத்த விலை வியாபாரி விலையைவிட நன்றாகவே இருந்தது. ஆனாலும் நாள் கூலியும் அலைச்சலும் சேர்ந்தால் அந்த ஒரு லாட்டில் மிச்சம் பெரிதாக இல்லை. லாபம் வந்தது மற்ற மூட்டைகளில். மேசை, மீட்டர், நாள்வாரியாகப் பிரிப்பது எல்லாம் தோட்டம் முழுவதற்கும் வந்ததால் கழிவு குறைந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் பறித்த தேதி, பாத்தி, அன்று மழையா வெயிலா என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அனுப்ப நினைப்பவர்கள் இந்த அட்டையிலிருந்து தொடங்கலாம், செலவே இல்லை. பணம் கட்டுவதற்கு முன் போட்டி நடத்துபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நடுவர்களின் தாள் கைக்கு வருமா, எத்தனை நடுவர்கள் குடிப்பார்கள்? பதில் தெளிவாக வந்தால் அனுப்புங்கள். நானும் இந்தப் பறிப்பில் மேல்பாத்தியோடு காவேரியைத் தனி லாட்டாக அனுப்புகிறேன்.