தேக்கா இரைச்சலில் ஒரு பெயர்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் இன்று மதியம் ஒரு பாட்டி, "வாப்பா, போலாம்" என்று பேரனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தட்டுச் சத்தம், பின்னால் மலாய், பக்கத்தில் சீனம். பையன் கைப்பேசியிலிருந்து அசையவில்லை.

பெயரைச் சொன்னார். சட்டென்று நிமிர்ந்தான்.

1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர், சோதனைக்கு வந்தவர்களின் இரு காதிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறு காதில் ஆண்குரல் பெண்குரலானது அவர்களுக்குத் தெரிந்தது. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியது தெரியவில்லை!

நான்கு மொழி ஒலிக்கும் நம் ஊரில் இதை நினைத்தாலே எனக்கு வியப்பு.

பெயரும் எப்போதும் பலிக்காது. 1959இல் நெவில் மோரே நடத்திய சோதனையில், கவனிக்காத காதில் வந்த தன் பெயரைப் பிடித்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே.

அதனால் இரைச்சலில் ஒருவரைக் கூப்பிடும்போது முதலில் பெயர். ஒரு நொடி விட்டு, அவர் திரும்பிய பிறகு சேதி. முகம் தெரிய நில்லுங்கள். இரைச்சலில் உதட்டசைவு பெரிய துணை.

ஒரு காதை இயர்போன் அடைத்திருந்தால் சிரமம் கூடும். குரல் எந்தப் பக்கம் என்பதை, இரு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு.