இருபது எண்ணத் தெரியாமல் முழித்த கதை

பிளஸ் ஒன்னில் அலைவுகள், அலைகள் இரண்டு பாடத்தையும் சூத்திர நோட்டு போட்டுத்தான் படித்தேன். மொத்தம் நாலு பக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். லேப்பில் தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) முன்னால் நின்றபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது.

நீளம் ஒரு மீட்டர். 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். குண்டை விட்டேன், ஸ்டாப் கடிகாரத்தை அமுக்கினேன், ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்தேன். 38 விநாடி வந்தது. அதை வைத்துக் கண்ட ஜி-யின் (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 9.8-க்குப் பதில் 10.9! மின்விசிறியை நிறுத்திப் பார்த்தோம், நூலை மாற்றிப் பார்த்தோம், அதே 38. பக்கத்து மேசையில் எல்லாருக்கும் 40. லேப் அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, விடும்போது சைபர்னு எண்ணு. ஒரு சுத்து முடிஞ்சாத்தானே ஒன்னு?”

நான் அளந்தது 19 அலைவு. நேரத்தில் ஐந்து சதவீதப் பிழைதான். ஆனால் ஜி காணும்போது அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் அது பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. பிழைக் கணக்கு எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஓரத்தில் வைத்து எண்ணாதே, நடுவில் கடக்கும்போது எண்ணு. ஓரத்தில் குண்டு ஒரு கணம் தயங்கி நிற்கிறது, எப்போது திரும்பியது என்று பிடிக்க முடியாது. நடுவில் விருட்டென்று போகிறது, கடக்கும் நொடி துல்லியமாகத் தெரிகிறது. சமநிலைப் புள்ளியில் திசைவேகம் பெருமம், முடுக்கம் சுழி. ஓரத்தில் நேர் எதிர். அந்த ஒரு மதிப்பெண் கேள்வியை நான் அதற்குப் பிறகு மனப்பாடம் செய்யவே இல்லை. (நீளத்தை அளக்கும்போது குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். கொக்கியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.)

சுருள்வில்லில் அடிக்கடி கேட்பது: பாதியாக வெட்டினால் வில் மாறிலி ‘கே’ (ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்பது) என்ன ஆகும்? பாதியாகும் என்று கை தானாக எழுதும். அதே விசைக்குப் பாதி வில் பாதிதான் நீளும், ஆக மாறிலி இரட்டிப்பு. இதே ‘கே’ என்ற எழுத்து அலைகள் பாடத்தில் அலை எண்ணாக (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தால் வருவது) மறுபடி வருகிறது. நான் ஒரு தேர்வில் இரண்டையும் ஒன்றாக நினைத்து முழுக் கணக்கையும் கோட்டைவிட்டேன். அலகைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஒரு முனை மூடிய ஆர்கன் குழாய்க்குப் படம் போதும். மூடிய முனையில் கணு (காற்று அசையாத இடம்), திறந்த முனையில் எதிர்க்கணு (அதிகம் அசையும் இடம்) என்று வரைந்தால் கால் அலை, முக்கால் அலை, ஒன்றேகால் அலை மட்டுமே உள்ளே பொருந்தும். அதிர்வெண்களின் விகிதம் 1:3:5 தானாக வந்துவிடும்.

ஒத்ததிர்வுத் தம்பத்தில் (காற்றுத் தம்பத்தின் நீளத்தை மாற்றி, ஒலி உரக்கக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் குழாய்) 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை கொடுத்தார்கள். முதல் முழக்கம் 16 செ.மீ. அருகில், இரண்டாவது 50-ல். இரண்டையும் கழித்தால் முனைத் திருத்தம் (எதிர்க்கணு குழாய் வாய்க்குச் சற்று வெளியே அமைவதால் வரும் சிறு நீளம்) அடிபட்டு அரை அலைநீளம் 34 செ.மீ. கிடைக்கிறது, ஒலியின் வேகம் விநாடிக்கு 348 மீட்டர். என் கூட்டாளி பதறிப்போய், புத்தகத்தில் 331 என்று இருக்கிறதே என அளவீடுகளை அழித்துத் திருத்தினான். அந்த 331, சுழி டிகிரி செல்சியஸுக்கு உரியது. வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும்; எங்கள் லேப்பில் அன்றைக்கு 30 டிகிரி.