ஆலோங் ஆட்கள் மிரட்டியபோது நாங்கள் செய்தவை

ஆலோங் என்றால் லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பவர். அவர்களிடம் கடன் வாங்கியது என் கொழுந்தன். கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஐசி (அடையாள அட்டை) படத்தையும் வீட்டு முகவரியையும் அனுப்பினான். முன்பணப் பிடித்தம் போக மீதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அப்புறம் வாரா வாரம் வட்டி. எவ்வளவு கட்டினாலும் முதல் அப்படியே நின்றது.

நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பங்கள்தான் சுற்றிலும். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆலோங் ஆட்கள் நம்பியதும் அதைத்தான். கொழுந்தன் வேலை செய்யும் செம்பனை ஆலைக்குப் போன் போட்டார்கள். அவன் ஐசி படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒட்டினார்கள். ஒரு காலையில் கேட்டில் சிவப்புச் சாயம். மாமியார் அதன்பிறகு கோயிலுக்கே போகவில்லை. கடனைவிட எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

"கேட்பதைக் கொடுத்துத் தொலைத்துவிடுங்கள்" என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற மாமா மட்டும், "லைசென்ஸ் இருக்கிறதா என்று பாரும்மா" என்றார். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் பட்டியலில் தேடினேன். அந்தப் பெயரே இல்லை.

1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதன் நகலைக் கடன் வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் வட்டி கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கொடுத்த கடனை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. லைசென்ஸ் உள்ளவரே ஆனாலும் கடன் வாங்கியவரை மிரட்டுவது குற்றம்.

சாயத்தைக் கழுவும் முன் படம் எடுத்தோம். மிரட்டல் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். வட்டி கட்டிய கணக்கு எண்களையும் ரசீதுகளையும் சேர்த்துக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷனில் முதலில், "கடன் விவகாரம், நீங்களே பேசி முடியுங்கள்" என்றார்கள். நான் விடவில்லை. நான் வந்தது கடனைப் பற்றிப் பேச அல்ல, மிரட்டலையும் சொத்துச் சேதத்தையும் பற்றிப் புகார் கொடுக்க என்றேன். தண்டனைச் சட்டத்தில் மிரட்டலுக்கு 506, சேதத்துக்கு 427 என்று மாமா எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் ரிப்போர்ட் எழுதினார்கள்.

அடுத்த அழைப்பில் ரிப்போர்ட் எண்ணை மட்டும் சொன்னேன், வாக்குவாதம் செய்யவில்லை. ஆலை மானேஜரிடம் கொழுந்தனே போய் நடந்ததைச் சொன்னான், ரிப்போர்ட் நகலையும் கொடுத்தான். அங்கே போன் வந்தாலும் பிறகு யாரும் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அழைப்புகள் குறைந்தன. புது எண்களிலிருந்து இன்னும் எப்போதாவது வருகிறது. அவற்றையும் சேமித்து விசாரணை அதிகாரிக்கு அனுப்புகிறேன்.

அவனுக்கு வங்கிக் கடன் அட்டைப் பாக்கியும் இருந்தது. அந்த நெருக்கடியில்தான் ஆலோங்கிடமே போயிருக்கிறான். அதற்குக் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகேவை நாடினோம். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த நிறுவனம் அது; ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆலோங் கடனில் அவர்கள் தலையிட மாட்டார்கள். ஆனால் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, வங்கியோடு பேசித் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். இப்போது சம்பளம் வந்ததும் முதலில் அந்தத் தவணையைக் கட்டிவிடுகிறான்.