மீன் தொட்டி கன்ட்ரோலர்: நின்றுபோன அலர்ட் மெயிலைத் திரும்ப வரவழைத்தது

ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதுதான் தொட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் கோளாறு. தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.6 தான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். அதனால் 28 டிகிரியைத் தாண்டியதும், தொட்டியின் வெப்பத்தைக் கண்காணிக்கும் பெட்டியான கன்ட்ரோலர் அனுப்பும் அந்த ஒரு மெயில், என்னைப் பொறுத்தவரை ஹீட்டரை விடவும் முக்கியம்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது அதன் வெப்பம் அளக்கும் ப்ரோபை எடுத்து ஐஸ் தண்ணீர் டம்ளரில் முக்குவது என் வழக்கம். குறைந்தபட்ச அளவான 24க்குக் கீழே போனாலும் அலர்ட் வர வேண்டும். இந்த முறை திரையில் எண் மளமளவென்று இறங்கியது, எச்சரிக்கை விளக்கும் எரிந்தது, மெயில் மட்டும் வரவில்லை. கன்ட்ரோலரின் லாகில், அதாவது நிகழ்வுப் பதிவில், ‘மெயில் போகவில்லை’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி. காரணம் எதுவும் இல்லை.

நெட்வொர்க்கை முதலில் பார்த்தேன். கன்ட்ரோலருக்கு நிலையான ஐபி கொடுத்திருந்தால் கேட்வே (ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் இரண்டையும் கையால் நிரப்ப வேண்டும். டிஎன்எஸ் காலியாக இருந்தால் மெயில் சர்வரின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுமே சரியாக இருந்தன. மெயில் போகும் வாசல்களில் ஒன்றான போர்ட் 25ஐப் பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும், ஆனால் இங்கே 587தான் போட்டிருந்தது. அதுவும் காரணமில்லை.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன். லேப்டாப்பில் ஒரு போலி மெயில் சர்வரை ஓடவிட்டு, கன்ட்ரோலரின் சர்வர் முகவரியாக லேப்டாப்பின் ஐபியைக் கொடுத்தேன். பெட்டி என்ன பேசுகிறது என்பதை இப்படி வரி வரியாகப் பார்க்கலாம். சர்வர் 220 என்று வரவேற்கிறது, கன்ட்ரோலர் தன் பெயரைச் சொல்கிறது, சர்வர் ‘சரி’ என்பதற்கான 250ஐச் சொல்கிறது. அடுத்த வரியிலேயே கன்ட்ரோலர் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் நீட்டுகிறது. நடுவில் வர வேண்டிய ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையைக் காணோம். அந்தக் கட்டளை வந்த பிறகுதான் உரையாடல் மறைகுறியாக்கத்துக்குள் போகும். அது வராமல் பாஸ்வேர்டு வந்தால் இன்றைய மெயில் சர்வர்கள் பெரும்பாலும் 530 என்று சொல்லி மறுத்துவிடும். சரி, தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கத்தோடு பேசும் 465க்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே இரு பக்கமும் மறைகுறியாக்கத்தை ஒத்துக்கொள்ளும் ஹேண்ட்ஷேக்கே முடியவில்லை, கன்ட்ரோலருக்குத் தெரிந்தது டிஎல்எஸ் என்ற அந்த மறைகுறியாக்க முறையின் பழைய 1.0 பதிப்பு மட்டும். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021 மார்ச்சில் 1.0, 1.1 இரண்டையும் கைவிடச் சொல்லிவிட்டது. மெயில் சேவைகளும் ஒவ்வொன்றாகப் பழைய கதவை மூடிவருகின்றன. ப்ரோப், ரிலே, டைமர் எல்லாம் கச்சிதமாக ஓடும் பெட்டியை இதற்காகத் தூக்கிப்போட எனக்கு மனமில்லை.

அதனால் நடுவில் ஓர் ஆளை வைத்தேன். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுவி, கன்ட்ரோலர் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பாஸ்வேர்டு இல்லாமல் அதனிடம் மெயிலைக் கொடுக்கும்படி செய்தேன். பை அதை வாங்கி, புதிய டிஎல்எஸ்ஸில் 587 வழியாக வெளியே அனுப்பும். மெயில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருப்பதால், பைக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுத்தேன். வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் சர்வர் மறுத்துவிடும். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். யாருடைய மெயிலைப் பாஸ்வேர்டு இல்லாமல் வெளியே அனுப்பலாம் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில், பை தன்னையே குறிக்கும் லூப்பேக் முகவரியையும் கன்ட்ரோலரின் ஐபியையும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது, கன்ட்ரோலர் மெயில் கொடுக்கும் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறக்கவும் கூடாது. இரண்டையும் திறந்துவிட்டால் உலகத்து ஸ்பேமெல்லாம் உங்கள் வழியாகப் போகும்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ‘சென்ட்’ என்று விழுந்தது, போனில் வரவில்லை. ஸ்பேமில் கிடந்தது. அனுப்புநர் என்று கன்ட்ரோலர் போடுவது இல்லாத ஒரு டொமைன். அதை என் மெயில் முகவரியாக மாற்றி எழுதும்படி போஸ்ட்ஃபிக்ஸில் சொன்னதும் இன்பாக்ஸுக்கே வந்தது. தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் போய் வந்தால் கன்ட்ரோலரின் கடிகாரம் 2000 ஜனவரி 1க்குத் திரும்பிவிடும். அப்போது கிளம்பும் மெயிலிலும் அதே தேதி இருப்பதால், தேதிப்படி அடுக்கும் என் போன் ஆப் அதை எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளிவிடும். நேரம் காட்டும் சர்வராக பையையே கொடுத்த பிறகு, ஆன் ஆனதும் கடிகாரம் சரியாகிவிடுகிறது.

மறுபடி ஐஸ் தண்ணீர். இந்தத் தடவை மெயில் வந்தது, ஆனால் ப்ரோபை வெளியே எடுத்ததும் எண் 24ஐச் சுற்றியே ஆட, அலர்ட் மெயிலும், நிலை சரியாகிவிட்டது என்னும் ‘நலம்’ மெயிலும் மாறி மாறி வந்து குவிந்தன. இப்படிக் கத்தும் அலர்ட்டை நாமே ஒரு நாள் மியூட் செய்துவிடுவோம். ஐந்து நிமிடம் தொடர்ந்து எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டும் அலர்ட், அரை டிகிரி உள்ளே வந்த பிறகே நலம் என்று வைத்தேன். பையில் டிஎஸ்18பி20 என்ற வெப்பச் சென்சர் ஒன்றையும் தனியாக மாட்டியிருக்கிறேன், ஒரு ப்ரோப் பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். அந்தச் சென்சர் மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீட்டுக்கு முன் 85 டிகிரி என்று காட்டும். துல்லியமாக 85 வந்தால் அதை விட்டுவிட்டு இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் மெயின் சுவிட்ச் விழுந்தால் ரூட்டர், பை, கன்ட்ரோலர் எல்லாமே ஒன்றாக அணையும், சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு கண் வேண்டும். பை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியிலுள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ‘இருக்கிறேன்’ என்று தட்டுகிறது. தட்டு தவறினால் அந்தச் சேவையே எனக்கு மெயில் அனுப்பும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, போனை மொபைல் டேட்டாவில் வைத்துப் பார்த்தேன். கெடு தாண்டியதும் மெயில் வந்தது. பம்ப் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் வேகமாக இறங்கும் என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் மாட்டிவிட்டேன், மின்சாரம் போனால் அது தானாகவே ஓடத் தொடங்கும்.

அடுத்து, தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியான சம்ப்பில் நீர்மட்டத்தைக் காட்டும் ஃப்ளோட் சுவிட்சை இதே வழியில் இணைக்க வேண்டும். தீனி போடும்போது, தண்ணீரைச் சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்துவேன், அப்போது சம்ப்பில் மட்டம் ஏறும். அந்த நேரத்துக்கு மட்டும் அலர்ட் வராமல் இருக்கவும், பம்ப்பைத் திரும்பப் போடாவிட்டால் வரவும் எவ்வளவு இடைவெளி வைப்பது என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறேன்.