முன்பதிவு மென்பொருளில் சீக்வென்ஸ் படத்தையும் ஸ்டேட் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

மொரீஷியஸின் எபேன் சைபர்சிட்டியில், கடலோர ஹோட்டல்களுக்கான முன்பதிவு மென்பொருள் ஒன்றின் வடிவமைப்பை நிரல் எழுதத் தொடங்கும் முன் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வாடிக்கையாளர், முன்பதிவு, வங்கி ஆகிய ஆப்ஜெக்ட்கள் (மென்பொருளின் தனித்தனிக் கூறுகள்) தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை ஒரு குழு, மென்பொருள் வடிவமைப்பை வரையும் பொதுக் குறியீட்டு முறையான யூஎம்எல்லில் சீக்வென்ஸ் படங்களாக வரைந்திருந்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்பதை இன்னொரு குழு ஸ்டேட் படங்களாக வரைந்திருந்தது.

செய்திகளின் பெயர்கள் இரு பக்கமும் பொருந்துகின்றனவா என்பதை வரைகருவியே சொல்லிவிட்டது. அதோடு வேலை முடிந்ததாகச் சிலர் கருதினார்கள். செய்திகள் வரும் வரிசையைக் கருவி பார்க்கவே இல்லை என்பதால் நான் உடன்படவில்லை.

ஆகவே சீக்வென்ஸ் படத்தில் முன்பதிவு ஆப்ஜெக்டுக்கான செங்குத்துக் கோட்டை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து, அது பெறும் செய்திகளையும் அனுப்பும் செய்திகளையும் வரிசையாக எழுதிக்கொண்டு, அந்த வரிசையை அதன் ஸ்டேட் படத்தில் தொடக்க நிலையிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மாற்று வழிகளைக் காட்டும் ஆல்ட் பகுதி வந்தால் வரிசை கிளை பிரியும். பொறுமை வேண்டிய வேலைதான்.

சிக்கல் ரத்து செய்யும் இடத்தில் இருந்தது. சீக்வென்ஸ் படத்தில் வங்கியின் 'பணம் பெறப்பட்டது' மேலேயும் வாடிக்கையாளரின் 'ரத்து' கீழேயும் இருந்தன. ஆனால் இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து, பதிலுக்குக் காத்திராமல் அனுப்பப்படும் செய்திகள். வரைந்த வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 'ரத்து' முந்திக்கொண்டால் முன்பதிவு 'ரத்தானது' என்ற நிலைக்குப் போய்விடும். அங்கே பணச் செய்தியை ஏற்க எந்த டிரான்சிஷனும் (நிலை மாற்றமும்) இல்லை. யூஎம்எல் விதிப்படி, அந்த நிலையில் ஏற்க வழியில்லாத நிகழ்வு, ஒத்திவைக்கப்பட வேண்டும் என்று குறிக்கப்படாதவரை, பிழை எதுவும் காட்டாமல் கைவிடப்படும். ரீயூனியனிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்தவருக்கு அறையும் இராது, கட்டிய பணமும் திரும்பாது.

எந்தப் படத்தைத் திருத்துவது என்பதில்தான் வாக்குவாதம் நீண்டது. சீக்வென்ஸ் படம் நடக்கக்கூடிய ஓர் ஓட்டத்தை மட்டுமே காட்டுகிறது. ஆகவே ஸ்டேட் படம் அதைவிடக் கூடுதலான ஓட்டங்களை அனுமதிப்பது முரண்பாடு ஆகாது, அந்த ஓட்டத்தையே அனுமதிக்காவிட்டால்தான் முரண்பாடு என்பது என் நிலைப்பாடு. நடக்கலாம் என்பதையும் நடந்தே தீர வேண்டும் என்பதையும் பிரித்துக் காட்டத்தான் கணினி அறிஞர்கள் டாமும் ஹாரெலும் லைவ் சீக்வென்ஸ் சார்ட் என்ற வரைபட முறையை முன்வைத்தார்கள். எங்கள் கருவியில் அந்த வசதி இல்லை.

பிறகு ஸ்டேட் படங்களை ப்ரொமெலா என்ற மாதிரி மொழியில் எழுதி, சாத்தியமான ஓட்டங்களையெல்லாம் தேடிப் பார்க்கும், ஜெரார்ட் ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் கருவியில் ஓட்டினோம். ப்ரொமெலாவில் ஏற்கப்படாத செய்தி தானாக மறையாது, செய்திகள் செல்லும் வழியான சேனலிலேயே கிடக்கும். ஆகவே கைவிடுதலை ஒவ்வொரு நிலையிலும் வெளிப்படையாக எழுதி, அந்த இடத்தை எட்டினால் ஓட்டத்தை நிறுத்திப் பிழை காட்டும் ஓர் அசெர்ட்டும் வைத்தோம். நான் கையால் கண்ட அதே ஓட்டத்தை அது எதிர் உதாரணமாகக் காட்டியது.

'ரத்தானது' நிலையிலிருந்து பணத்தைத் திருப்பும் டிரான்சிஷன் ஒன்றைச் சேர்த்து, சீக்வென்ஸ் படத்தில் இரு செய்திகளையும், எது முன்னால் வந்தாலும் சரி என்று காட்டும் பார் பகுதிக்குள் வைத்தோம். மறுபடி ஓட்டியபோது 'ரத்து' இரண்டாம் முறை வரும் ஓட்டத்தில் அசெர்ட் தடுத்தது. அதைக் கைவிடுவதே சரி என்பதால், வேண்டுமென்றே கைவிடப்படும் செய்தி என்று ஸ்டேட் படத்திலேயே குறித்துவிட்டு, அந்த அசெர்ட்டை நீக்கினோம்.