ஆறு வாரத்தில் 42.195: சென்னை மாரத்தானுக்கு ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 24, 2024, ஞாயிறு

ஜனவரி 5 விடியற்காலை சென்னை மாரத்தான், 42.195 கிலோமீட்டர் ஓட்டம். இன்றோடு சரியாக ஆறு வாரம் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டு, வேலை, மழை, கல்யாணம் காட்சி என்று பயிற்சியைத் தள்ளிப்போட்டவர்களுக்காக இந்தக் குறிப்பு.

முதல் மாரத்தானுக்கு முறையான பயிற்சி என்றால் 16 முதல் 20 வாரம். அதை ஆறு வாரத்தில் அமுக்கித் திணிக்க முடியாது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்பும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். ‘இப்போதெல்லாம் மூச்சே வாங்கவில்லையே’ என்று மூன்றாம் வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவருக்குக் காலில் வலி வருவது இதனால்தான். அதனால் வேகத்தை மறந்துவிடுங்கள். உடம்பை உடைத்துக்கொள்ளாமல் முடிவுக்கோட்டைத் தாண்டுவதற்கான கணக்கை மட்டும் கற்றுக்கொள்ள இந்த ஆறு வாரம் போதும்.

இன்றே ஒரு சோதனை. 10 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக 90 நிமிடத்துக்குள் முடியுங்கள். நாளைக் காலை நொண்டாமல் மாடிப்படி இறங்க முடிந்தால் மேலே போகலாம். முடியவில்லை என்றால் குறைந்த தூரத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று உடனே விசாரியுங்கள். அடுத்த ஆண்டும் ஜனவரி வரும். 40 வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே தொடருங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ கண் இருட்டினாலோ எந்த வயதானாலும் அப்படியே நிறுத்த வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

ஷூ வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸுடன் கடைக்குப் போங்கள். நின்றபடி பார்த்தால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் 25 கிலோமீட்டருக்கு மேல் நகம் கறுக்கும். கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த ஷூ இந்த வேகத்துக்குத் தேவையில்லை. போட்டிக்கு முன் அதே ஜோடியில் 60 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

இந்தக் குறிப்பிலேயே முக்கியமான கணக்கு இது. ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடப்பதை உலகெங்கும் பரப்பியவர் ஜெஃப் காலவே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர். நடப்பதைத் தோல்வியாக நினைப்பவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

ஓட்டம் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம், விறுவிறுப்பான நடை கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம் என்று கொள்வோம். இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தால் சராசரி 8 நிமிடம் 17 விநாடி. 42.195 கிலோமீட்டருக்கு 5 மணி 50 நிமிடம். மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தால் 5 மணி 41 நிமிடம். ஒன்றுக்கு ஒன்று என்று போனால்கூட 6 மணி 9 நிமிடம். இரண்டு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் ஓடி வலியை வாங்கிக்கொள்வதில் மிச்சமாவது ஒன்பதே நிமிடம்! உங்கள் பிரிவின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரத்தை, பக்கத்தில் வைத்துக்கொண்டு விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே நிபந்தனை, நடை முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடப்பது வேறு விஷயம். அப்போது தசை ஏற்கெனவே சேதப்பட்டிருக்கும், மறுபடி ஓடக் கால் எழாது. வாட்ச்சில் ஓட்டத்துக்கும் நடைக்கும் மாறி மாறி ஒலிக்கும் இன்டர்வல் அலாரம் வைத்துவிட்டால் மனக்கணக்கு வேண்டாம்.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். செவ்வாயும் வியாழனும் 6 கிலோமீட்டர், சனிக்கிழமை அரை மணி நடை, ஞாயிறு நீள ஓட்டம். வாரம் இருமுறை படிக்கட்டு விளிம்பில் நின்று ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 12 வீதம் மூன்று சுற்று. கெண்டைக்காலும் குதிகால் நாணும்தான் முதலில் கைவிடும் இடங்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இன்றைய 14 கிலோமீட்டரை யாரும் ஓட வேண்டாம். தேங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடைக் குழி இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வடிந்த சாலையாகப் பார்த்து ஓடிக்கொள்ளலாம். இரண்டு நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் குறையாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த ஞாயிறு தூரத்தைக் கூட்டுவதுதான் கெடுதல்.

டிசம்பர் 4, புதன்

ஈரச் சாலையில் 14 கிலோமீட்டர் ஓடினால் கொப்புளம் வரும். நனைந்த தோல் மெத்தென்றாகி, உராய்வில் மேல்தோல் பிரிந்துகொள்கிறது. பருத்தி சாக்ஸ் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பாலியெஸ்டர் கலந்தது வெளியே விடும். விரலிடுக்கு, தொடையிடுக்கு, அக்குள், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் விளிம்பு, ஆண்களுக்கு மார்புக்காம்பு ஆகிய இடங்களில் ஓடும் முன் வாசலின் தடவுங்கள். மார்புக்காம்பில் மைக்ரோபோர் டேப் ஒட்டுவது இன்னும் நல்லது. உப்பேறிய பனியன் உரசி இரத்தம் வருவது நீள ஓட்டங்களில் சாதாரணம்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று 18 கிலோமீட்டர். சாப்பிட்டுக்கொண்டே ஓடப் பழகும் நாள்.

ஓட்டத்துக்கு ஆகும் சக்தி தோராயமாக, உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுக்க ஏறத்தாழ 2,700 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 2,000 கலோரியைச் சுற்றித்தான் வரும். மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், வேகம் கூடக்கூட அதன் பங்கு குறைந்துகொண்டே போகும். தொடக்கத்தில் பாய்ந்தவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் கால் இரும்பாகக் கனத்துவிடுவது இந்தக் கணக்கால்தான். மன உறுதியால் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது விழுங்கும் சர்க்கரைப் பசையான ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம், சிறிய வாழைப்பழத்தில் 15 முதல் 20 கிராம், சாதாரணப் பேரீச்சம்பழம் ஒன்றில் ஐந்தாறு கிராம். கடலை மிட்டாயில் கொழுப்பும் இருப்பதால் வயிற்றில் தங்கும், ஓட்டத்தின்போது வேண்டாம். பசி எடுக்கும் வரை காத்திராமல் 40ஆவது நிமிடத்தில் தொடங்கி, அதன்பின் 30, 40 நிமிடத்துக்கு ஒருமுறை சாப்பிடுங்கள். ஜெல்லைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். தண்ணீர் இல்லாமலோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலக்ட்ரோலைட் பானத்தோடோ எடுத்தால் சர்க்கரைச் செறிவு கூடி வயிற்றைக் கலக்கும்.

தண்ணீரில் தவறு இருபக்கமும் நடக்கும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால் வியர்வை ஏறத்தாழ ஒரு லிட்டர்; இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதை முழுக்க ஈடுகட்டத் தேவையில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும், மெதுவாகப் போகிறவருக்கு மணிக்கு 400 முதல் 600 மில்லி சரியாக இருக்கும். வழியில் இருக்கும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அப்படி ஆகியிருந்தது. நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். தயாரிப்பில்லாமல் ஆறு மணி நேரம் சாலையில் இருக்கப்போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். அப்போது மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

இந்த வாரம் எல்லோருக்கும் எங்காவது வலிக்கும். எந்த வலி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரு தொடையிலும் ஒரே மாதிரி வலி என்றால் அது களைப்பு, இரண்டு நாளில் போகும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் அடியில் குத்தினால் உள்ளங்காலின் பட்டைத் திசு அழற்சி. வெறுங்காலோடு நடக்காதீர்கள், உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழே உருட்டுங்கள். முட்டியின் வெளிப்புறம் எப்போதும் ஒரே தூரத்தில் வலி தொடங்கினால் தொடையின் பக்கவாட்டுப் பட்டை உரசுகிறது. சாலை ஓரம் மழைநீர் வடியச் சரிவாக இருக்கும். தினமும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் சுமை ஏறும். வாகனம் இல்லாத இடத்தில் சமதளமாகப் பார்த்து ஓடுங்கள். மெரினாவின் நடைபாதை அதற்கு ஏற்றது.

கால் எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, இரவில் படுத்தாலும் வலி என்றால் நூலிழை விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை இன்றே விட்டுவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும்.

டிசம்பர் 15, ஞாயிறு

22 கிலோமீட்டர். நான்கு மணிக்கே கிளம்புங்கள். சென்னையின் மார்கழிக் காலை 22 டிகிரியில் குளுமையாகத் தோன்றும். ஆனால் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வியர்வை உலராமல் சொட்டும், உடம்பு சூடு தணியாது. முழு வாக்கியமாகப் பேச முடியாத வேகம் எதுவானாலும் அது அதிகம்.

டிசம்பர் 22, ஞாயிறு

26 கிலோமீட்டர் அல்லது மூன்றரை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். 32 ஓடினால்தான் நம்பிக்கை வரும் என்று சொல்வார்கள். இரண்டே வாரம் இருக்கும்போது 32 ஓடினால் அந்தச் சேதம் போட்டியன்றும் உடம்பில் இருக்கும். நம்பிக்கைக்காகக் காலைக் கொடுக்காதீர்கள். போட்டியன்று போடும் உடை, ஷூ, சாப்பாடு, டேப் எல்லாம் இன்றே ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

டிசம்பர் 26, வியாழன்

மழைக்குப் பின் ஊரெங்கும் காய்ச்சல். வெறும் மூக்கடைப்பு என்றால் மெல்ல ஓடலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஒரு அடிகூட வேண்டாம், ஏனென்றால் வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கும்போது ஓடுவது உயிருக்கே ஆபத்து. போட்டிக்கு முந்தைய நாள் காய்ச்சல் என்றாலும் இதேதான். கட்டிய பணம் போகட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

12 கிலோமீட்டர், அவ்வளவுதான். இந்த வாரம் செய்யும் எந்தப் பயிற்சியும் 5ஆம் தேதிக்குப் பலன் தராது. களைப்பை மட்டும் சேர்க்கும்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

இன்றும் நாளையும் சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கைக் கூட்டுங்கள். எண்ணெய், பயறு, கீரை, இறைச்சியைக் குறையுங்கள். எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு கிராம் மாவுச்சத்தோடு மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து தங்குவதால் ஒரு கிலோ எடை கூடும். அது வேண்டியதுதான். நாளை பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்குள் ரசம் சாதம், தயிர் சாதம் போதும்.

இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். பிப், அதாவது மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறம் இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதுங்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டு மணிக்கு எழுந்து மூன்று இட்லி சர்க்கரையுடன், ஒரு வாழைப்பழம். காபி பழக்கம் உள்ளவர்கள் மட்டும் காபி. வலி மாத்திரையை முன்கூட்டிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நீரிழந்த உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். போடவே கூடாது.

நேப்பியர் பாலத்தில் கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள். முதல் 10 கிலோமீட்டரில் உங்களைத் தாண்டிப் போகிறவர்களைப் போக விடுங்கள். இருட்டிலும் ஆரவாரத்திலும் வேகம் தானாக ஏறும், வாட்ச் சொல்வதைக் கேளுங்கள். 10 முதல் 25 வரை செய்ய வேண்டியது சாப்பாடும் நடையும் தவறாமல் பார்ப்பது மட்டுமே. ஆறரை வாக்கில் சூரியன் எழும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் விகிதத்தை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். ஷூவுக்குள் இறங்காதபடி முன்னால் குனிந்து ஊற்ற வேண்டும்.

கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் நின்று, சுவரில் கை ஊன்றி, முட்டியை மடக்காமல் அரை நிமிடம் நீட்டுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். பிறகு இருநூறு மீட்டர் நடை. தூரம் மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுவதால், வளைந்து நெளிந்து ஓடுகிறவரின் வாட்ச் 42.195ஐத் தாண்டியும் முடிவுக்கோடு வராது. அரை கிலோமீட்டர் வரை கூடக் காட்டலாம். கட்-ஆஃப் கணக்கில் அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

நெஞ்சுவலி, தள்ளாட்டம், வெயிலில் குளிர் நடுக்கம், வியர்வை திடீரென நிற்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எந்தக் கிலோமீட்டரானாலும் விலகிவிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் கண்டாலும் அவரை நிறுத்துங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். திடீரென நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

தொடை வலி இன்றுதான் உச்சத்தில் இருக்கும். படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தி மசாஜ் வேண்டாம். கிழிந்த தசை நார்களுக்கு இப்போது தேவை தூக்கமும் புரதமும்தான். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கறுத்த நகத்தைப் பிய்க்காதீர்கள், அடியில் புது நகம் வளர்ந்ததும் தானே விழும். ஒரு வாரம் நடை மட்டும். அடுத்த வாரம் வலி சுத்தமாகப் போயிருந்தால் மூன்று கிலோமீட்டர் மெல்ல ஓடிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வலி போகாமல் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, அப்போதும் போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.